ஐஸ் பெட்டியும் என் வெறுங்கையும்

மூன்று கூற்றுகள்; எவை உண்மை?

1. பேருந்தில் ஓர் ஐஸ் பெட்டி சரிந்தது.
2. ஆர்என்ஏவை வெட்டும் நொதி நம் வியர்வையிலும் உண்டு.
3. கொதிக்க வைத்தால் அந்த நொதி ஒழியும்.

காட்டுப்பாக்கத்தில் பேருந்து குலுங்க, பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியிலிருந்து பெட்டி சரிந்தது. வெறுங்கையால் பிடித்துவிட்டேன்.

“சூப்பர் கேட்ச்சு பெருசு!” என்றார் கண்டக்டர்.

மூடியில் ‘ஆர்என்ஏ’ என்றிருந்தது. என் கை வியர்வை பட்டு அந்தப் பெண்ணின் ஆய்வு கெட்டுவிட்டதோ என்று பதறினேன்.

“உள்ள ட்யூபெல்லாம் மூடித்தான் சார் இருக்கு. கொட்டியிருந்தா மறுபடி முதல்லேர்ந்து செய்யணும். தேங்க்ஸ்” என்று சிரித்தார்.

தைரியம் வந்தது. “ட்யூபைக் கொதிக்க வைத்தால் ஆர்என்ஏவை வெட்டும் நொதி போய்விடும், இல்லையா?” என்று கேட்டேன்.

“போகாது சார். நாலு கந்தகப் பிணைப்பு அதை இழுத்துக் கட்டியிருக்கு. சூட்டுல பிரிஞ்சாலும், ஆறினதும் பழையபடி மடங்கிக்கும்.”

ஆக, மூன்றாவது தவறு. இரண்டாவதையும் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். முதலாவதற்குக் கண்டக்டரே சாட்சி.