கரியில் வடித்த சாறு

அறுபதுகளில் கொடைரோட்டில் திராட்சைச் சாற்றைப் பாட்டிலில் அடைக்கும் ஒரு கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அங்கே சாறு வடிப்பவரை அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஒடிசலான ஆள், நகமெல்லாம் கரி. ஒவ்வொரு அண்டாவிலும் முதல் டம்ளரைத் தானே குடித்துவிட்டு, மறுநாள்தான் மற்றதை அடைக்க விடுவார்.

ஓர் ஐப்பசி மழையில் வந்த பழத்தில் பாதி பூஞ்சை பிடித்திருந்தது. முதலாளி எதையும் கொட்டச் சொல்லவில்லை. பிழிந்து கரியில் வடிக்கச் சொன்னார். அண்ணன் சிரட்டைக்கரியில் மூன்று முறை வடித்தார். பூஞ்சை வாடை போனது. நிறமும் ருசியும் கூடவே போயின. முதலாளி சாயமும் எசென்ஸும் வாங்கி அனுப்பினார்.

அண்ணன் வழக்கம்போல ஒரு டம்ளர் குடித்தார். மறுநாள் வேலைக்கு வந்தார். நாங்கள் அடைத்தோம்.

சாயங்காலம், மாசமாக இருந்த என் மனைவிக்கென்று ஒரு பாட்டிலைப் பைக்குள் வைத்தேன். அண்ணன் அதை எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

"அந்தப் புள்ளைக்கு இது வேணாம் தம்பி."

"வாடையே இல்லையேண்ணே. நீங்களும் குடிச்சிட்டு நல்லாத்தானே இருக்கீக?"

"வாடை போயிருச்சு. உள்ள இருந்ததும் போச்சான்னு கரியா வந்து சொல்லும்?" என்றவர், அலுத்துப்போய்க் கரிச்சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

செத்த நேரத்தில் லாரி வந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பெட்டிகளை நாங்கள் இருவரும்தான் ஏற்றினோம். எனக்குத் தராத பாட்டிலும் அதில்தான் போனது. எந்த ஊருக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.