நண்டுக்கால் எத்தனை?

ஒல்லாந்து தேசத்து உலாந்தாக்காரர் பழவேற்காட்டுக் கோட்டையில் கொடியேற்றி இருந்த காலத்தில், என் தாய்மாமன் அங்கே துபாஷிக்கு எடுபிடியாக இருந்தார். எடுபிடி என்று நான் சொல்கிறேன். அவர் துபாஷி என்றே சொல்லிக்கொள்வார். துரை தும்மினால் அதையும் தமிழில் சொல்லிக் காட்டுகிற ஆள். குப்பத்துக்கு வரும்போதெல்லாம் கோட்டையிலிருந்து எதையாவது கற்றுவந்து எங்கள் தலையில் கட்டுவார். அந்த முறை அவர் கொண்டுவந்தது ஒரு கணக்கு. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒரு குறி உண்டு. வலையின் மிதப்புக்கட்டை, துடுப்பு, ஏரியில் ஊன்றும் கழி எல்லாவற்றிலும் அதைக் கீறி வைப்பார்கள். காற்றில் வலை அறுந்து எந்தக் கரையில் ஒதுங்கினாலும், குறியைப் பார்த்து அந்த வீட்டில் சேர்த்துவிடுவார்கள். எங்கள் குறி நண்டுக்கால்: ஒரு நேர்கோடு, அதன் நுனியில் இரண்டு சாய்ந்த கீறல். நைனா புதுக் கட்டை செதுக்கினால் குறி கீறுவது என் வேலை. அவர் கீறினால் கட்டை பிளந்துவிடும். பெண்பிள்ளைக்கு என்ன வாகான கை என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள்.

அடுத்த வீட்டுக் குறியைச் சுரண்டிவிட்டுத் தன் குறியைக் கீறுகிறவனுக்குக் குப்பத்தில் ஒரே பெயர்தான், திருடன். முந்தின வருஷம் எங்கள் கட்டைகள் சிலவற்றுக்கு அந்தக் கதி நேர்ந்தது. சுரண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுப் பிறைக்குறி இருந்தது. அவர்கள் பஞ்சாயத்தில் விழுந்து மன்னிப்புக் கேட்ட பிறகும் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

இதெல்லாம் மாமனுக்குத் தெரியும். தெரிந்தும்தான் அன்று, நாங்கள் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தபோது, ஈர மணலில் குச்சியால் எங்கள் நண்டுக்காலை வரைந்தார். எனக்கு முதலில் பெருமை தாங்கவில்லை.

“ஒரு கூடைல எத்தினி நண்டு கீதுன்னு தெரியாது. அந்தத் தெரியாத எண்ணிக்கைக்கு நண்டுக்கால்னு பேர் வச்சிக்க. அதோட மூணு சேத்தா எட்டு. அப்போ நண்டுக்கால் எத்தினி?”

அஞ்சு என்றேன். மெச்சிக்கொண்டார்.

“இது வேற கூடை. இதுல நண்டுக்கால ரெண்டு தபா போட்டா பதினாலு.”

ஏழு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது.

“இப்பதானே அஞ்சுன்னேன்?” என்றேன்.

“அது அந்தக் கணக்குல. இது வேற கணக்கு.”

“எங்க குறி இன்னா, நேரத்துக்கு ஒரு பேச்சு பேசுமா?”

மாமன் சிரித்தார். அது எண்ணே இல்லையாம். தெரியாத எண்ணுக்குப் பிடித்துவைத்த இடமாம். ஒரு கணக்குக்குள் அது மாறாதாம், கணக்கு மாறினால் அதன் எண்ணும் மாறலாமாம். உலாந்தாக்காரர் அந்த இடத்தில் தங்கள் எழுத்து ஒன்றைப் போட்டுக்கொள்வார்களாம். “எத்தப் போட்டாலும் பதில் ஒண்ணுதான், பாரு” என்று நண்டுக்காலைக் காலால் அழித்தார். அதே இடத்தில் பிறையை வரைந்தார். “இப்பவும் ஏழுதான்.”

என் கண் முன்னாலேயே. எங்கள் குறியை அழித்துவிட்டு, அந்த வீட்டுக் குறியை!

குச்சியைப் பிடுங்கி ஒடித்தேன். திருடன், திருடன் என்று கத்தினேன். மாமனின் தலைப்பாகையைப் பிடித்து இழுத்தேன் என்றும் சொல்கிறார்கள், இழுத்திருப்பேன். வலைகளைப் போட்டுவிட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மணலில் கிடந்த பிறையைப் பார்த்து, தீர்ந்துபோன வழக்கைக் கிளறுகிறோம் என்று முகம் கறுத்து நின்றார். “கணக்குப்பா, வெறும் கணக்கு” என்று மாமன் ஒவ்வொருவராகப் பார்த்துக் கெஞ்சினார். கோட்டையில் கற்ற மொழி எதுவும் அன்று அவருக்கு உதவவில்லை.

நைனா வந்தார். எனக்காகப் பேசப்போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். முதலில் பிறையை மிதித்து அழித்தார். அதுவரைக்கும் சரி. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உனுக்கின்னா வந்துச்சு? அது உன் தம்பி குறி. அவன் வளந்து அவன் சண்டைய அவன் போட்டுக்குவான்.”

தம்பி அப்போது தூளியில் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கூட்டத்தை அடக்குவதற்காக நைனா வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் புதுக் கட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு, மாமன் மேலிருந்த கோபம் தீர, எந்தப் பயல் சுரண்டினாலும் போகாத ஆழத்துக்கு நண்டுக்காலைக் கீறினேன். கீறிய கைக்குப் பிறந்த வீட்டில் குறி கிடையாது என்பது, என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாமியார் வேறொரு குறியைக் காட்டி, “இனிமே இதான் உன் குறி, கீறு” என்றபோதுதான் எனக்கு விளங்கியது.