கூப்பிட்ட சனமெல்லாம் வந்த நாள்

ஜெர்மனியில், கொலோன் நகரில், எங்கள் மாமியின் கடைப் பின்னறையில் ஒரு சின்னத் தொலைக்காட்சி இருந்தது. மழை பெய்த ஒரு ஞாயிறு பின்னேரம், பற்றிஸ் பலகாரத்துக்கு மா குழைத்த கையோடு மாமி அதன் முன்னால் நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் குரல் கொடுத்த ஆங்கிலப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கடலோர ஊரொன்றில் ஒரு குடும்பத்தின் பிஸ்கட் கடை நொடிந்துபோகிறது. தகப்பனும் பிள்ளைகளும் என்னென்னவோ கோமாளித்தனம் செய்கிறார்கள். கடைசியில் ஊரே திரண்டு வரிசையில் நின்று வாங்க, கடை தப்பிவிடுகிறது. மாமி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்தார். படம் முடிந்தும் மாவைத் தொடாமல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரோல்ஸும் பற்றிஸும் வடையும் விற்கும் எங்கள் கடையும் அப்போது இழுத்துக்கொண்டுதான் கிடந்தது. மூடிவிடுவோம் என்று மாமா முடிவெடுத்திருந்தார். மாமிக்கோ, வந்த நாட்டில் தன்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான்.

"ஒரேயொரு நாள் தாங்கோ. எல்லாரையும் கூப்பிட்டுப் பாப்பம். அண்டைக்கு நல்லா வித்தா வைச்சிருப்பம்."

"ஓம், பாப்பம். விக்காட்டி மூடுறதுதான்," என்றார் மாமா.

நான் அப்போது ஒரு அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். அழகான விளம்பரம் அடித்துத் தருகிறேன் என்றேன். மாமி கேட்கவில்லை. "பேப்பர் ஒட்டினா ஆர் வருவினம், பிள்ளை? வீட்டை போய்ச் சொல்லவேணும்." கல்யாணத்துக்குச் சொல்வதுபோல, சேலை உடுத்து, ட்ராமில் ஏறி இறங்கி, அந்த நகரத்துத் தமிழ்ச் சனத்தில் ஒருவரையும் விடாமல் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார்.

அந்தச் சனிக்கிழமை எல்லாமே கனவில் நடப்பதுபோல் இருந்தது. தெருமுனைவரை சனம். பட்டுச் சேலைகள், குழந்தைவண்டிகள், என்ன விசேஷம் என்று எட்டிப்பார்த்து அப்படியே வரிசையில் சேர்ந்துகொண்ட ஜெர்மன்காரர்கள். படம் எங்கள் தெருவுக்கு இறங்கி வந்துவிட்டது என்றே நினைத்தேன். முதலில் நின்ற அக்கா ரோல்ஸ் கேட்டுக் கைப்பையைத் திறந்தார். மாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அக்கா இது! வீடு தேடி வந்து கூப்பிட்டுப்போட்டு, உங்களிட்டக் காசு வாங்கிறதோ? சாப்பிடுங்கோ."

அடுத்தவருக்கும் அதேதான். ஜெர்மன்காரருக்கும் அதேதான். கல்லாவில் நின்ற நான் திறந்த பெட்டியை மூடினேன். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனார். பின்னேரத்துக்குள் கண்ணாடிப் பெட்டி துடைத்துவிட்டாற்போல் காலி. ஒரு வடைகூட விற்கவில்லை. மாமியின் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு யாரிடமும் கண்டதில்லை.

அந்த மாதத்தோடு கடையை மூடியாயிற்று. கடைப் பூட்டின் திறப்பைத் திருப்பிக் கொடுத்த அன்று மாமி அழுதார். ஆனால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு நாளும் வருந்தியதில்லை. எனக்குத்தான் வெகுகாலம் கோபம் இருந்தது. கடையைக் கையால் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று.

இப்போது மாமி ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். போன கிழமை அதே படம் தொலைக்காட்சியில் மறுபடி போனது. நானும் அவரும் ஒரே கம்பளியைப் போர்த்துக்கொண்டு பார்த்தோம். ஊர் திரண்டது, வரிசை நீண்டது, கல்லாப்பெட்டி கலகலத்தது. மாமி இந்த முறை சிரிக்கவில்லை.

"பாவங்கள்," என்றார். "இவ்வளவு சனம் வந்தும், ஒருத்தருக்கும் ஒண்டும் சும்மா குடுக்கேல்லை."