அலமாரியில் இடதோரத்துப் பாட்டில்

"திருமங்கலத்துல யாரோ ஒருத்தன் கறுப்பு பீரைக் குடிச்சுட்டுத் தொண்டை வெந்து ஆஸ்பத்திரில கெடக்கானாம்ணே. என் மச்சினன் சொன்னான். அவனுக்கும் பஸ்ஸுல காதுல விழுந்ததுதான்" என்றான் சரக்கு வண்டி ஓட்டும் சோணைமுத்து.

ராஜாராம் சிரித்தார். "அது எப்பிடிப்பா வேகும்? காபி மாதிரிதான் இருக்கும்." சொல்லி வாய் மூடவில்லை, சிவபாண்டி ஞாபகம் வந்துவிட்டது. நேற்று ராஜாராமின் பட்டறையிலிருந்து ஒரு பாட்டில் கறுப்பு பீரை எடுத்துக்கொண்டு அவர் போனது திருமங்கலத்திலிருக்கும் மகள் வீட்டுக்கு. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

ராஜாராம் நூலுக்குச் சாயம் போடுகிறவர். ஈர நூலை வாசல் வெயிலில் பிடித்தே எந்தச் சாயம் கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஜெர்மனியிலிருந்து மகள் இந்துப்ரியா கொண்டுவந்த கறுப்பு பீரையும் அப்படித்தான் வெயிலில் பிடித்தார். கறுப்புக்குள் மாதுளைச் சிவப்பு தெரிந்தது. மூக்கருகே முதலில் கருக வறுத்த பார்லி, பின்னாலேயே கருப்பட்டி. அன்று பிடித்த பைத்தியம். ஒரு தம்ளரை ஒரு மணி நேரம் குடிப்பார்.

துணைக்கு ஒத்தக்கடை சிவபாண்டி, ஓய்வுபெற்ற கண்டக்டர். முதல் நாள் அவர் சொன்னது: "இதுக்குக் கசாயமே தேவலை மாப்ள. காய்ச்சலாவது விடும்."

"மொத வாய் அப்பிடித்தான்ணே இருக்கும். துப்பிராதீங்க. மூஞ்சியைச் சுளிக்காம முழுங்குங்க, அப்புறம் பாருங்க."

சிவபாண்டி நல்ல மாணவர். முழுங்கப் பழகிக்கொண்டார்.

காலி பாட்டில்களை எறிய ராஜாராமுக்கு மனசு வரவில்லை. கம்பி வைத்து அழுத்தும் மூடி, சொட்டு கசியாது. பட்டால் தோல் வெந்துபோகும் காஸ்டிக் சோடா கலந்த கறுப்புச் சாயத்தை அவற்றில் ஊற்றிப் பட்டறை அலமாரியில் வைத்தார். பிறகு மனைவி பத்மாசினியின் கண்ணில் படாமலிருக்க, பீரையும் அந்த வரிசையிலேயே ஒளித்தார். இடதோரம் பீர், மற்றதெல்லாம் சாயம். அவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

நேற்று ஆயுத பூஜை. வாசலில் பொரி கொடுத்துக்கொண்டிருந்தபோது சிவபாண்டி காதருகே வந்தார். பத்மாசினி பக்கத்திலேயே நின்றாள். "இடதோரம்ணே. அது ஒண்ணுதான் மிச்சம், எடுத்துக்கங்க" என்று ராஜாராம் உதட்டை அசைக்காமல் சொன்னார்.

இப்போது பட்டறைக்குள் நுழைந்ததும் ராஜாராமின் கால் நின்றுவிட்டது. பூஜைக்காக அலமாரியைக் கழுவி, பொட்டு வைத்து, பாட்டில்களைத் துடைத்துப் புதிதாக அடுக்கியிருந்தார்கள். நேற்றே பார்த்ததுதான், ஆனால் புத்தியில் ஏறவில்லை.

ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். சாயம். சாயம். சாயம். ஐந்தாவது மூடி டப்பென்று தெறித்தது. பழுப்பு நுரை விரல் மேல் வழிந்தது. வறுத்த பார்லி வாசனை. பீர் இங்கேயே இருந்தது.

"என்னங்க, சாப்பிட வரலையா? மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்திருக்கு?" பத்மாசினி வாசற்படியில் நின்றாள்.

"வாரேன், வாரேன். நீ போ."

நுரை ஒட்டிய விரலுக்குப் போன் திரை பணியவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு சிவபாண்டியின் நம்பரை மறுபடி அழுத்தினார். மணி போனது. 'துப்பிருங்கண்ணே, துப்பிருங்க' என்று வாய் தானாக முணுமுணுத்தது. மணி நின்றது. திரும்ப அழுத்தினார். மறுமுனையில் அது அடித்துக்கொண்டே இருந்தது.