கடல் பக்கம் திரும்பிய மூக்கு

போன வருடம் மாசி மாதம், ஒரு மதிய நேரம். எங்கள் ஊர் திருவொற்றியூருக்கு நேர் எதிரே, கடலுக்கு மேல் நடந்தது இது.

நான் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். உதவித்தொகை வாங்கி இந்தப் படிப்புக்கு வந்ததும் எங்கள் தெருவிலேயே நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், துறைமுகத்துக்குள் நுழைய அந்த வண்டிகள் எவ்வளவு நீளமாக வரிசை கட்டி நிற்கும் என்று. டிரைவர் கொஞ்சம் அசந்தாலும் பின்னால் இருப்பவர் முந்திவிடுவார், இடம் போய்விடும். அதனால் வீட்டுக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டே அப்பா வீட்டுக்கு வரமாட்டார். சின்ன வயதில் நானும் அம்மாவும் சோறு எடுத்துப் போவோம். கேபினுக்குள் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு இறங்கவே மனசு வராது. வரிசை நகரவே கூடாது என்று சாமி கும்பிட்டிருக்கிறேன்.

பயிற்சிப் பள்ளி வெளியூரில் இருந்ததால் அவரைப் பார்ப்பது இன்னும் அபூர்வமாகிவிட்டது. அப்போதுதான் கரையோரமாக வடக்கே ஆந்திரா பக்கம் வரை பறக்கும் ஒரு பயிற்சி வந்தது. எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். முந்தின நாள் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நாளிக்கு மதியம் நம்ம ஊர் பக்கமா தான் நைனா பறக்கப் போறேன்."

"மெய்யாலுமா? நான் லைன்ல தான் கீறேன். கேபின் மேல மஞ்ச தார்ப்பாய விரிச்சிக்கினு நிக்கிறேன். நீ கொஞ்சம் இந்தாண்ட ஒதுங்கி வா, இன்னா?"

"வரேன் நைனா" என்றேன். அன்று இரவு முழுக்க அந்த மஞ்சள்தான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் பக்கத்து இருக்கையில் எங்கள் பயிற்சியாளர் மேடம் இருந்தார். பெரிய விமானங்களுக்குக் குறுக்கே வராதபடி, கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கடல் மேல் எங்களுக்கு வழி கொடுத்திருந்தார்கள். அந்த வழியை ஜிபிஎஸ்ஸில் ஒரு கோடாகப் போட்டு, ஆட்டோபைலட்டை அதோடு இணைத்தேன். அன்றைய பாடமே அதுதான்.

ஆட்டோபைலட்டை இரண்டு விதமாக விடலாம். ஒன்றில், நாம் சொன்ன திசையில் மூக்கை நேராகப் பிடித்துக்கொள்ளும். காற்று விமானத்தை எங்கே தள்ளிக்கொண்டு போனாலும் அதற்குக் கவலையில்லை. இன்னொன்றில், மூக்கு எங்கே பார்த்தாலும் சரி, விமானம் கோட்டின் மேலேயே போக வேண்டும். எதிரே இருக்கும் ஒரு ஊசி, கோட்டை விட்டு விலகினால், கோடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நடுவிலிருந்து ஒதுங்கிக் காட்டும். எவ்வளவு விலகியிருக்கிறோம், எவ்வளவு வேகமாக விலகுகிறோம் என்று இரண்டையும் பார்த்துத்தான் ஆட்டோபைலட் திருப்பும். தூரத்தில் இருந்தால் நன்றாகத் திருப்பும். கோடு நெருங்க நெருங்கக் குறைத்துக்கொண்டு, தாண்டிப் போகாமல் மெல்லச் சேரும்.

அப்படித்தான் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கிழக்குக் காற்று எங்களைக் கரைப்பக்கம் தள்ளியது. ஊசி வலப்பக்கம் ஒதுங்கியது. உடனே விமானம் வலப்பக்கம், கடலைப் பார்த்துத் திரும்பியது. ஊசி நடுவுக்கு வந்துவிட்டது. மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. காற்று தள்ளுகிற அளவுக்குச் சரியாகக் கடலைப் பார்த்தபடியே நாங்கள் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தோம்.

இடப்பக்க ஜன்னலில் துறைமுகம் வந்தது. காசிமேட்டுப் படகுகள் வந்தன. பிறகு அந்த வரிசை. மஞ்சளைத் தேடினேன். கிடைத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு மஞ்சள். அப்புறம் நீலம். அப்புறம் மறுபடியும் மஞ்சள். அப்பா வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்! ஆளாளுக்குத் தங்கள் தார்ப்பாயை விரித்துவிட்டார்கள்.

திசை மாற்றும் குமிழ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கோட்டை விட்டுவிட்டு, இடப்பக்கம் கொஞ்சம் திருகினால் போதும். கை தானாகப் போனது.

"என்ன, ஊருக்குள்ள போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்னு பார்க்கிறியா? ஊசி எங்க இருக்கு?" என்றார் மேடம்.

"நடுவுல, மேடம்."

"அப்ப கை மடியில இருக்கட்டும்."

"கீழ எங்கப்பா நிக்கிறாரு மேடம்."

அவர் என் பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தார். "எது?"

"தெரியல மேடம்."

வரிசை இறக்கைக்குப் பின்னால் போய் மறைந்தது. எண்ணூர் புகைபோக்கிகள் வந்துவிட்டன.

தரையிறங்கியதும் முதல் வேலையாக போன் செய்தேன்.

"பாத்தியா நைனா?"

"பாத்தேன், பாத்தேன்." குரலில் சுரத்தே இல்லை. "மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினு போய்ட்டியே பாப்பா. இம்மாம் பேரு இங்க நிக்கிறோம், நீ பாட்டுக்கு கடல பாத்துக்கினு போற."

பின்னாலிருந்து யாரோ, "பெரிய படிப்பு மாமு, நம்மள எல்லாம் கண்டுக்குமா!" என்று சிரிப்பது கேட்டது.

"காத்து கரைக்குத் தள்ளிக்கினே இருந்துச்சு நைனா. மூக்க நேரா வெச்சா கோட்ட விட்டு வெலகிடும். அதான் காத்து வர்ற பக்கம் திரும்பிக்கினு போவும். நான் உன்னதான் தேடிக்கினு இருந்தேன். எல்லாரும் தார்ப்பாய விரிச்சா எதுன்னு நான் கண்டுபுடிக்கிறது?"

அப்பாவின் குரல் இளகியது.

"தேடுனியா?"

"கண்ணாடியில மூஞ்ச ஒட்டிக்கினு தேடுனேன்."

"டேய், தேடுச்சாம்டா! காத்து தான் திருப்பி வுட்டுச்சாம்!" அவர் வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அதற்குள் ஹாரன்கள் அலற ஆரம்பித்தன. "லைன் நவுருது பாப்பா, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டார்.

இப்போது தனியாகவே பறக்கிறேன். பக்கக் காற்றில் மூக்கு திரும்பும்போதெல்லாம், கீழே யாராவது மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று மனம் தேடும். சரியான வழியில் போகிறவளின் முகம்கூட, நேசிக்கிறவர்களின் கண்ணுக்கு வேறெங்கோ திரும்பியிருப்பது போலத் தெரியலாம் என்று அன்று புரிந்துகொண்டேன். புரிந்த பிறகும், அத்தனை பேரில் அவர் யார் என்று தெரியாமலே கடந்துபோன அந்த ஏக்கம் மட்டும் இன்னும் என்னை விட்டு இறங்கவில்லை.