முழங்கையில் விழுந்த சந்தேகம்

சுன்னாகத்தில் இரும்பு வேலை செய்யும் ஒரு கடைச்சல் பட்டறையில் வேலை செய்யும் லெனாட், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஊர்க் கழகத்துக்கு வேகப்பந்து வீசுபவன். தெல்லிப்பழைப் பக்கத்து மைதானங்களில் அவனுடைய பந்துக்குத் துடுப்பாட்டக்காரர் கொஞ்சம் பயப்படுவார்கள். ஓடி வந்து தலைக்கு மேலால் கையைச் சுழற்றினான் என்றால் பந்து எப்போது வந்தது என்று தெரியாது.

போன வருடம் ஓர் அரையிறுதிப் போட்டியில்தான் அது நடந்தது. பக்கவாட்டில் நின்ற நடுவர் செல்வநாயகம் திடீரென்று கையை நீட்டி, “நோபோல்!” என்றார்.

லெனாட் குனிந்து தன் காலைப் பார்த்தான். கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. “கால் உள்ளுக்குத்தானே அண்ணை?”

“கால் இல்லைத் தம்பி, கை. உம்மடை முழங்கை மடங்கி நிமிருது. நீர் பந்து போடேல்லை, எறியிறீர்.”

மைதானம் முழுக்க அது கேட்டது. அடுத்த பந்துக்கும் அவர் கையை நீட்டினார். அணித்தலைவர் வந்து லெனாட்டிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது லெனாட்டின் மனதில் ஒரே கேள்விதான் இருந்தது: ஆர் சொல்லிக் குடுத்தது? இத்தனை வருடம் ஒருவருக்கும் தெரியாத பிழை இன்றைக்கு எப்படித் தெரியும்? ஆட்டம் தொடங்க முதல் செல்வநாயகத்தோடு கீர்த்திகன் கதைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. இவன் கிட்டப் போனதும் கதை நின்றுவிட்டது. கீர்த்திகன் கழகத்தின் மற்ற வேகப்பந்து வீச்சாளன். பட்டறையிலும் ஒன்றாகத்தான் வேலை.

அதற்குப் பிறகு லெனாட்டுக்கு எல்லாமே வேறு மாதிரித் தெரிந்தது. கீர்த்திகன் கைபேசியைப் பார்த்துச் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தான். மத்தியானச் சாப்பாட்டைத் தனியே போய் இருந்து சாப்பிட்டான்.

அந்த நேரம் பார்த்து அவன் வெட்டிய உழவு இயந்திரப் பற்சக்கரம் ஒன்று பிழையாகப் போனது. பற்கள் அலை அலையாக வந்திருந்தன. வெட்டும் மெஷினின் மேலே ஒரு கனத்த இரும்புக் கை நீண்டிருக்கும். வெட்டுத் தகடு சுழலும் தண்டின் மறுமுனையை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கையை இறுக்கும் நட்டுகள் தளர்ந்தால் தண்டு நடுங்கும். அதற்கு முந்தின நாள் அந்த மெஷினில் நின்றவன் கீர்த்திகன்.

“நட்டைத் தளர்த்தி விட்டது நீதானே?” என்றான் லெனாட்.

“உனக்கென்ன விசரே?”

“அம்பயரிட்டையும் நீதான் போய்க் கதைச்சனீ. நான் கண்டனான்.”

“ஓம், கதைச்சனான். அக்காவின்ரை கலியாணத்துக்குச் சொல்லப் போனனான். அந்தாள் எங்கடை அப்பாவோடை வேலை செய்தவர்.”

முதலாளி வாகீசன் வந்து மெஷினைச் சோதித்தார். நட்டுகள் இறுக்கமாகவே இருந்தன. அந்தக் கையின் நுனியில், தண்டு இருந்து சுழலும் பித்தளை வளையம்தான் தேய்ந்திருந்தது. லெனாட் தலையாட்டினான். ஆனால் மனதுக்குள், நான் பார்க்க முதல் திரும்ப இறுக்கியிருப்பான் என்றுதான் ஓடியது.

கீர்த்திகன் அந்த மாதமே வேலையை விட்டான். கழகத்தையும் விட்டான். குற்றவாளிதானே ஓடுவான் என்று லெனாட் வீட்டில் வந்து சொன்னான்.

மனைவி டிலானி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “நீங்கள் எறியிறியளோ இல்லையோ எண்டு ஒருக்காவாவது பாத்தனியளே?”

“என்ரை கை எனக்குத் தெரியாதே?”

“உங்கடை முதுகு உங்களுக்குத் தெரியுதே?”

அன்று பின்னேரமே வளவுக்குள் அவனைப் பந்து போடச் சொல்லி, பக்கத்தில் நின்று கைபேசியில் படம் பிடித்தாள். மெதுவாகப் போட்டபோது கை நேராகவே வந்தது. “மட்ச்சிலை போடுற மாதிரிப் போடுங்கோ” என்றாள். போட்டான்.

வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். தோளுக்கு மேலே வந்த கை மடங்கியிருந்தது. பந்து விரல்களை விட்டுப் போகும் கணத்தில் சாட்டை மாதிரி நிமிர்ந்தது. லெனாட் நம்பவில்லை. அவள் நின்ற இடம் சரியில்லை என்று மற்றப் பக்கம் நிற்கவைத்துத் திரும்ப எடுப்பித்தான். அதிலும் அப்படியே இருந்தது. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்துவிட்டான்.

பிறகு செல்வநாயகத்திடம் போனான். “உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, ஆர் உங்களிட்டைச் சொன்னது?”

“ஆரும் சொல்லேல்லை. அதுக்கு முதல் வருசமே எனக்குச் சந்தேகம். அண்டைக்குப் பக்கத்திலை நிண்டபடியால் வடிவாத் தெரிஞ்சுது.”

அங்கிருந்து நேரே கீர்த்திகன் வீட்டுக்குப் போனான். அவன் படலையைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பார்த்தான்.

“நான் எறிஞ்சனான்தான்” என்றான் லெனாட். “உன்னைப் பிழையா நினைச்சிட்டன்.”

“நீ எறியிறது எனக்கு முதலே தெரியும். பயிற்சியிலை எத்தினை நாள் எதிரிலை நிண்டு உன்ரை பந்தை அடிச்சனான்! தெரிஞ்சும் ஒருத்தரிட்டையும் வாய் திறக்கேல்லை. நீ என்னைத்தான் பிடிச்சனீ.”

அன்றைக்குப் படலை திறக்கவில்லை.

லெனாட் பந்துவீச்சை விட்டுவிட்டான். இப்போது பந்து தடுக்க எல்லைக்கோட்டில் நிற்கிறான். அங்கேயிருந்து எறிவதற்கு முழங்கை எப்படி மடங்கினாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை. இந்த வருடம் கீர்த்திகன் வேறொரு கழகத்துக்காக எதிரே ஆட வந்தான். ஒரு பந்தைத் தூரத்துக்கு அடித்துவிட்டு இரண்டாவது ஓட்டத்துக்குக் கிளம்பியவன், பந்து யாருடைய கையில் என்று திரும்பிப் பார்த்தான்.

“வேண்டாம், வேண்டாம்! லெனாட் நிக்கிறான்!” என்று கூட ஓடியவனுக்குக் கூவிக்கொண்டு அவன் திரும்பி ஓடினான். லெனாட் எறிந்த பந்து, யாரையும் ஆட்டமிழக்கச் செய்யாமல், விக்கெட் காப்பாளரின் கையில் போய் இறங்கியது.