துணைத் தலைவர் நலம் விசாரித்தால்

ஜக்கம்மாள் அக்கா எங்கள் ஊராட்சியின் துணைத் தலைவர். குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி பூமியில் கொஞ்சம் சோளமும் நாலைந்து ஆடுகளும்தான் அவருக்குப் பிழைப்பு. நானும் ஒரு வார்டு உறுப்பினர். துணைத் தலைவர் தேர்தலில் ஓட்டு சமமாக விழுந்து, சீட்டுக் குலுக்கியதில் அக்கா பெயர் வந்தது. அன்றைக்கே தலைவர் மலைச்சாமிக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது.

டெல்லியில் இருக்கும் துணை ஜனாதிபதிக்காவது மாநிலங்களவையை நடத்தும் வேலை இருக்கிறது. எங்கள் ஊர்த் துணைத் தலைவருக்குக் காசோலையில் இரண்டாவது கையெழுத்துப் போடுவதை விட்டால், தலைவர் இல்லாதபோது தலைவராக இருப்பதுதான் வேலை. தான் எப்போது இல்லாமல் போவோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பதவி அது என்று மலைச்சாமி முடிவு கட்டிவிட்டார். பதவியில் இருக்கும்போதே இரண்டு ஜனாதிபதிகள் இறந்ததையும், துணை ஜனாதிபதிகள் பொறுப்பேற்றதையும் யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். "பாத்தியா அப்பு, டெல்லியிலயே அம்புட்டுத்தான்" என்று என்னிடம் சொல்வார். அதிலிருந்து வெளியூர் போனால், பஸ்ஸில் இடம் போடுகிற மாதிரி தோள் துண்டை நாற்காலியில் விரித்துவிட்டுத்தான் போவார்.

ஒரு சித்திரையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரையில் சேர்ந்து ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்கள். போனால் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாரே! கஷாயத்தைக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். அக்கா தினமும் போய், "உடம்பு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார்.

"எதுக்குக் கேக்குற? நாள் குறிக்கவா?" என்று ஒருநாள் மலைச்சாமி சீறினார்.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கும் சந்தேகம்தான். காரியமில்லாமல் ஒரு துணைத் தலைவர் தினமும் போய் நலம் விசாரிப்பாரா?

அந்த வாரமே அக்கா திண்டுக்கல் போய் ராஜினாமா கொடுத்துவிட்டார். "இதுலயும் ஏதோ சூது இருக்கு" என்று மலைச்சாமி புலம்பினார். ஆனாலும் நாற்காலிக்கு ஆள் இல்லை என்றானதும் மதுரைக்குக் கிளம்பினார். கிளம்பும்போதும் துண்டை விரிக்க மறக்கவில்லை.

பிழைத்து வந்தார். ஊரே போய்ப் பார்த்தது. அக்கா மட்டும் போகவில்லை. ஆள் பிழைத்ததில் அக்காவுக்கு வருத்தம் என்று அதற்கும் ஊரில் பேசினார்கள். கேட்கவே எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் மலைச்சாமியே என் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். மலைச்சாமி வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஏத்தா, ஊரே வந்து கேட்டுச்சு. நீ ஒரு வார்த்தை கேக்கலையே."

"இப்பக் கேட்டா நம்புவீகளாண்ணே?"

மலைச்சாமி தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா தழையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"உடம்பு எப்படிண்ணே இருக்கு?"